ஊதுங்கக்கா மாமனாரை ஊதவைத்த கதை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் ஆஸ்பத்திரி முழுக்க அவள் ஊதுங்கக்கா. இரண்டாம் மாடிக் கோடியில், மாடிப்படியை ஒட்டிய அறை அவளுடையது. அந்த அறைக் கதவில் மட்டும் உள்பக்கமாக ஸ்பாஞ்சு வைத்து ஆணி அடித்திருப்பார்கள். பக்கத்து அறை கண் டாக்டர் மூன்று முறை புகார் எழுதியதால் வந்த ஸ்பாஞ்சு அது. கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம் பார்த்து இவள் கத்தினால் அந்த மனிதரும்தான் என்ன செய்வார்?

கத்துவதுதான் அவள் வேலை. நுரையீரலில் எவ்வளவு காற்று பிடிக்கிறது, அது எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்கும் மெஷின் ஒன்று அவளிடம் இருந்தது. மூக்கில் கிளிப் போட்டு, அட்டைக் குழாயை உதட்டால் கவ்வி, முட்ட முட்ட மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் வெடித்த மாதிரி வெளியே விட வேண்டும். விட்டதோடு போகாது. குறைந்தது ஆறு விநாடி, அடிவயிறு முதுகில் ஒட்டும் வரை ஊத வேண்டும். இதைச் சும்மா சொன்னால் எவரும் செய்வதில்லை. மனிதர்கள் இரண்டாவது விநாடியிலேயே "எல்லாம் காலி" என்று குழாயை எடுத்துவிடுவார்கள். உள்ளே பாதிக் காற்று அப்படியே உட்கார்ந்திருக்கும்.

"காலின்னு நீங்க சொல்லக் கூடாது, மெஷின் சொல்லணும்! ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க! விடாதீங்க, இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும் இருக்கு, ஒளிச்சு வைக்காதீங்க, ஊதுங்க!"

இப்படிக் கத்தும்போது அவளும் கூடவே ஊதுவாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசி விநாடியில் பாதி குனிந்துவிடுவாள். ஒரு நாளைக்கு இருபது பேர் என்றால் அறுபது எழுபது முறை. சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது தலை லேசாகக் கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்பு அவளுக்குப் பிடிக்கும் என்று எங்கேயும் சொன்னதில்லை.

இந்த வேலை அவளைத் தேடி வந்தது. பதினாறு வருடங்களுக்கு முன்னால் அவள் கீழ்த்தளத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடும் இடத்தில் இருந்தாள். ஒருநாள் மைக் கெட்டுப்போனது. அவள் எழுந்து நின்று "நாப்பத்திரெண்டு!" என்றாள். இரண்டாம் மாடியில் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் இருந்த நுரையீரல் டாக்டரம்மா படபடவென்று இறங்கி வந்து, "இந்தத் தொண்டை எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார். ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பிறகு மெஷினும் அவளும் பிரிந்ததே இல்லை.

சுவரில் ஒரு நுரையீரல் படம் தொங்கியது. பயந்து வருகிறவர்களுக்கு அதைக் காட்டி அவள் பாடம் நடத்துவாள்.

"இதோ பாருங்க, மூச்சுக்குழாய். வளையம் வளையமா இருக்குல்ல? முழு வளையம் இல்ல, பின்பக்கம் திறந்திருக்கும். ஏன்னா பின்னாடி சோத்துக்குழாய் போகுது. நீங்க பெரிய கவளமா முழுங்குனா அதுக்கு இடம் விடணுமே! இது ரெண்டாப் பிரியும், அது ரெண்டாப் பிரியும், இப்படி இருபத்து மூணு தடவை. கடைசியில முப்பது கோடிக்கு மேல குட்டிக் குட்டிக் காத்துப் பைங்க. எல்லாத்தையும் விரிச்சுப் போட்டா அரை டென்னிஸ் மைதானம். அதை மடிச்சு மடிச்சு உங்க நெஞ்சுக்குள்ள வச்சிருக்கு. வலது பக்கம் மூணு மடல், இடது பக்கம் ரெண்டுதான். இதயத்துக்கு இடம் கொடுத்துட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கு, பாவம். இப்ப ஊதுங்க!"

ஆஸ்பத்திரியில் இத்தனை வாய். வீட்டில் ஒரே ஒரு மனிதர் முன்னால் மட்டும் அவள் வாயே திறப்பதில்லை. அவர் அவளுடைய மாமனார்.

சண்டையெல்லாம் கிடையாது. கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் கூச்சம். கூச்சம் பழக்கமாகி, பழக்கம் சட்டமாகி, ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவர் அவளிடம் நேராகப் பேச மாட்டார். டிவியைப் பார்த்து, "இந்த வீட்டுல டீ கிடைக்குமான்னு தெரியலையே" என்பார். அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்து, "கொதிச்சுக்கிட்டு இருக்கு" என்பாள். முக்கியமான விஷயம் என்றால் நடுவில் அவள் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வந்து, வீட்டுக்கு வந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் செய்தி சுமப்பான்.

மாமனார் பேண்டு குழுவில் டிரம்பெட் வாசிப்பவர். கடைத் திறப்பு, கல்யாண ஊர்வலம், பள்ளி விளையாட்டு விழா, எதுவானாலும் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக முன்வரிசையில் நிற்பார். அதெல்லாம் வெளியே. சாயங்காலம் ஆறு மணி அடித்தால் வீட்டில் பயிற்சி. வீடு என்றால் நான்காம் மாடியில் இரண்டு அறை. நாள் முழுக்க ஊதச் சொல்லிக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒருவர் ஊதிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று ஒருநாளும் அவள் காதில் விழுந்ததில்லை. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் உருளைக்கிழங்கு ஒன்று கல்லாக இருக்கும், இல்லையென்றால் கூழாக இருக்கும். நடுவில் எதையும் அந்தக் குடும்பம் கண்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு கடைத் திறப்பு விழாவில் உச்சஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கூட்டம் கைதட்டத் தட்ட நீட்டிக்கொண்டே போனார். கண் இருட்டியது. அப்படியே பின்னால் சரிந்து, பெரிய டிரம்மின் மேல் உட்கார்ந்து, தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். இரண்டு காலும் இரண்டு கையும் மட்டும் வெளியே. டிரம்பெட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

பேண்டு மாஸ்டர் பயந்துபோனார். "அண்ணே, நுரையீரலை டெஸ்ட் பண்ணி டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள டிரம்பெட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க. கிளாரினெட்காரர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கார்." வாத்தியம் பேண்டுக்குச் சொந்தம். கொடுத்தால் போனது போனதுதான்.

ஊரில் அந்த டெஸ்ட் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை காலை ஸ்பாஞ்சுக் கதவைத் திறந்துகொண்டு, சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக மாமனார் வந்து நின்றார்.

உள்ளே நோயாளி ஒருவருக்குத்தான் இடம். நடுவில் பேசக் கணவன் இல்லை, டிவி இல்லை, ஜன்னல் கம்பியும் இல்லை. ஊதுங்கக்கா சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்து, "வயசு என்னன்னு மெஷினுக்குச் சொல்லணும்" என்றாள்.

அவரும் படத்தைப் பார்த்து, "அறுபத்தாறு" என்றார்.

கிளிப்பை மூக்கில் மாட்டிவிட வேண்டும். மாமனார் மூக்கை எப்படித் தொடுவது? தட்டில் வைத்து நீட்டினாள். அவர் மீசையோடு சேர்த்து மாட்டிக்கொண்டார். குழாயை வாயில் வைத்தார். அடுத்தது அவள் கத்த வேண்டிய நேரம்.

நாற்பத்திரண்டாம் நம்பரை இரண்டாம் மாடிக்கு ஏற்றிய அந்தத் தொண்டையிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "ஊதறவங்க... ஊதலாம்."

சூடான டீயை ஆற்றுவது போல அவர் ஊதினார். மூன்று முறையும் அப்படியே. மருமகள் முன்னால் கன்னம் புடைக்க ஊத அவருக்கும் வெட்கம்.

பேப்பர் வெளியே வந்தது. வயசுக்கு இருக்க வேண்டியதில் ஐம்பத்தெட்டு சதவீதம். மூலையில் பரிசோதனையின் தரம் என்று ஒரு எழுத்து விழும். பதினாறு வருடமாக அவள் எடுத்ததில் விழுந்ததெல்லாம் ஏ. இன்று டி.

பேப்பரில் விழுந்திருந்த கோட்டைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நோய் பிடித்த நுரையீரல் என்றால் கோடு விர்ரென்று உச்சிக்கு ஏறி, அங்கிருந்து தொங்கிப்போய்க் குழிந்து இறங்கும். இந்தக் கோட்டுக்கு உச்சியே இல்லை, மொட்டையான மணல்மேடு. ஊதாத மனிதரின் கோடு அது. "இன்னொரு தடவை" என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். அதுவல்ல காரணம். சாயங்காலம் ஆறு மணி என்று ஒரு நினைப்பு அவளுக்குள் வந்தது. சத்தமில்லாத ஆறு மணி. அவள் பேப்பரைக் கிழித்து ஃபைலில் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், மூலையைப் பார்க்கவில்லை. "ஊதுங்கக்கா எடுத்ததா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்: இனி டிரம்பெட் வாசிக்கக் கூடாது.

திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் வீட்டுக் குக்கரின் விசிலைக் கேட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. அணைத்தாள். உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காகவே வெந்திருந்தது. கணவன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இது என்ன காய்?" என்று கேட்டான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமனாரின் விரல் சும்மா இருக்கவில்லை. வலது கையின் மூன்று விரல்கள் எதன் மேல் பட்டாலும் டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களை அழுத்துவது போல அழுத்தின. கரண்டி மேல், செய்தித்தாள் மேல், ஊதுங்கக்காவின் மகளான பேத்தியின் தலை மேல். டிவி ரிமோட் கையில் அகப்பட்டபோது இரண்டு நிமிடத்தில் நாற்பது சேனல் ஓடியது. ஊதுங்கக்கா சிரித்தாள். பிறகு அந்தக் கோடு ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. புதன்கிழமை உருளைக்கிழங்கு நன்றாகத்தான் வெந்தது. ஆனால் அவளால் இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

வியாழக்கிழமை பேத்தி நீச்சல் வகுப்புக்கான மிதவை வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய பச்சை வளையம். பம்பு எங்கேயோ தொலைந்துவிட்டது. "தாத்தா, ஊதிக் கொடு."

தாத்தா டிவியைப் பார்த்தபடியே வளையத்தை வாங்கினார். தோள் தூக்கவில்லை. வயிறு மட்டும் முன்னால் வந்தது. உதரவிதானம் முழுசாகக் கீழே இறங்கினால்தான் அப்படி வரும், அவள் நோயாளிகளிடம் தலைகீழாக நின்று கேட்டாலும் கிடைக்காத மூச்சு அது. பிறகு ஊதினார். அடுப்படியில் நின்ற ஊதுங்கக்காவுக்குப் பழக்க தோஷம், மனசு தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு... ஒன்பது! வளையம் பாதி நிமிர்ந்துவிட்டது. ஏழு மூச்சில் கிண்ணென்று ஆனதும் மூடியைச் செருகி, பேத்தி கழுத்தில் மாட்டிவிட்டு, அவர் மறுபடி செய்திகள் பார்த்தார். ஒரு பெருமூச்சுகூட வாங்கவில்லை.

அவளுக்கு வெட்கத்தில் காது சூடானது. ஐம்பத்தெட்டு சதவீதமா இது? பதினாறு வருடம் கட்டிக் காத்த பெயரை ஒரு குக்கர் விசிலுக்கு விற்றுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கணவன் வேலைக்குப் போய்விட்டான். மாமனார் கூடத்தில் டிரம்பெட்டைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நாளை மத்தியானம் கொடுக்க வேண்டும். அவள் மூன்றடி தூரத்தில் நின்று கணவனுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லுங்க. மறுபடி டெஸ்ட் எடுக்கணும்."

"நான் எட்டாவது மாடியில தொங்கிக்கிட்டு இருக்கேன்! பக்கத்துலதானே இருக்காரு, நீயே சொல்லேன்!"

"நீங்களே சொல்லுங்க."

அவள் வைத்ததும் மாமனாரின் போன் அடித்தது. எடுத்தார். கேட்டார். "ஏன் எடுக்கணுமாம்?" என்றார். மகன் போனை வைத்தான். அவள் போன் அடித்தது. "ஏன் எடுக்கணுமாம்னு கேக்கறார்." "திங்கக்கிழமை எடுத்தது சரியில்லன்னு சொல்லுங்க." மாமனாரின் போன் அடித்தது. இப்படி மூன்று சுற்று. நான்காவது சுற்றில் மகன் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டான். அந்த வார்த்தை இங்கே வேண்டாம். மாமனார் எழுந்து சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் கிளம்பினார்.

டாக்டரம்மாவிடம் அவளே போய் நின்றாள். "டாக்டர், திங்கக்கிழமை எங்க மாமனாருக்கு எடுத்தது தப்பு. தரம் டி. தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

"மெஷின்ல கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. கோளாறு எங்கிட்டதான்."

டாக்டரம்மா ஃபைலைத் திறந்து மூலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நானும் பார்க்காம எழுதிட்டேனே" என்றார். "வாங்க, என் கண் முன்னாலயே எடுங்க."

கதவு திறந்தே இருந்தது. மாமனார் சிவப்புக் கோட்டில் உட்கார்ந்தார். ஊதுங்கக்கா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். கிளிப்பை எடுத்து, மீசையை விலக்கி, மாமனார் மூக்கில் கச்சிதமாக மாட்டினாள். அவர் திடுக்கிட்டார். குழாயைக் கவ்வினார். இனி அவரால் பதில் பேச முடியாது.

"இழுங்க! இழுங்க! இழுங்க! இன்னும் இருக்கு இடம், இழுங்க! ம்... விடுங்க! அடிச்சு விடுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க!"

மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கணக்கில்லை. இரண்டாவதில் இருமல், அதுவும் தள்ளுபடி. இனி ஆறுதான் மிச்சம், எட்டுக்கு மேல் ஒருவரை ஊதவிடக் கூடாது என்பது விதி. ஊதுங்கக்கா நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"மாமா! சிரிக்காதீங்க! ஒன்பது வருஷமா என் தலைமாட்டுல நின்னு ஊதுனீங்களே, இப்ப எங்க போச்சு அந்த மூச்சு? இழுங்க! விடுங்க! ஊதுங்க! குக்கர் விசில் எனக்குக் கேக்காம அடிச்சீங்களே, அந்த ஊது ஊதுங்க! எத்தனை கிலோ உருளைக்கிழங்கு கூழாப் போச்சு, அத்தனைக்கும் சேர்த்து ஊதுங்க! எதிர்வீட்டு நாய் ஆறு மணியானா கட்டிலுக்கு அடியில போகுதே, அதுக்காக ஊதுங்க! நிறுத்தாதீங்க! கிளாரினெட்காரர் வாசல்ல நிக்கறார், உங்க டிரம்பெட்டைத் தூக்கறார், ஊதுங்க மாமா, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க!"

கிளாரினெட்காரர் பெயரைக் கேட்டதும் அவர் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல ஆனது. கோடு விர்ரென்று ஏறி, ஊசி முனையாக உச்சியைத் தொட்டு, நேராகச் சரிந்து இறங்கியது. ஆறு விநாடி, ஏழு, எட்டு. கண் அறையிலிருந்து ஒரு கண்ணில் மட்டும் மருந்து விட்ட ஆள் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்களும் "ஊதுங்க! ஊதுங்க!" என்று சேர்ந்துகொண்டார்கள். கண் டாக்டரும் புகார் எழுத வந்தவர், தானும் ஒரு "ஊதுங்க" போட்டுவிட்டுப் போனார்.

மூன்று புள்ளி தொண்ணூற்றிரண்டு லிட்டர். அடுத்து தொண்ணூற்றெட்டு. அடுத்து தொண்ணூற்றைந்து. மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. வயசுக்கும் உயரத்துக்கும் நூற்றுப் பதினாறு சதவீதம். மூலையில் ஏ.

மாமனார் எழுந்தார், தலை சுற்றி உட்கார்ந்தார். கூடவே மூச்செல்லாம் ஊதித் தீர்த்திருந்த மருமகளுக்கும் அறை ஒரு சுற்றுச் சுற்றியது. அவளும் அதே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, நுரையீரல் படம் நான்காகத் தெரிய, ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நிறுத்தத்தான் முடியவில்லை.

"கடையில மயங்குனதும் நுரையீரலால இல்ல" என்றார் டாக்டரம்மா. "காலையில சாப்பிட்டீங்களா அன்னைக்கு?"

மாமனார் தலையை ஆட்டி இல்லை என்றார்.

"சாப்பிடாம, அவ்வளவு நேரம் தம் கட்டி ஊதுனா நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறிடும். இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் குறையும், மூளைக்கும் குறையும். கைதட்டினா நீட்டிக்கிட்டே போகாதீங்க. சாப்பிட்டுட்டு ஊதுங்க." அவர் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். பிறகு ஊதுங்கக்காவிடம் திரும்பி, "சொந்தக்காரங்கன்னா இனிமே ரெண்டு மடங்கு கத்தணும், தெரியுதா?" என்றார். பேண்டு மாஸ்டருக்கு அங்கிருந்தே போன் போனது.

அன்று சாயங்காலம் ஆறு மணி. குக்கர் அடுப்பில் இருந்தது. கூடத்தில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஊதுங்கக்கா பெருமூச்சு விட்டாள். எல்லாம் நம் தொண்டை செய்த வேலை, அனுபவிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.

சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் டிரம்பெட்டும் கையுமாக மாமனார் நின்றிருந்தார். டிவியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, நேராக அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, எத்தனை விசில் ஆச்சு?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு மாமா."

"இன்னும் எத்தனை வேணும்?"

"ஒண்ணு."

"சரி, அது வரட்டும். நான் நிக்கறேன்."

நின்றார். மூன்று விரல்கள் மட்டும் பொத்தான்களின் மேல் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் பேச்சு மூச்சில்லாமல் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் அப்போதுதான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடியில் கால் வைக்கும்போது விசில் அவன் காதிலும் விழுந்தது. அடுத்த நொடி, ஸ்பாஞ்சு அடிக்காத தன் வீட்டுக் கதவைத் தாண்டி வந்தது மனைவியின் குரல்.

"ஊதுங்க மாமா!"